பையை உங்கள் கைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்

தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார், அதனால் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்து, கூடவே மாத்திரையும் கொடுத்து, பிறகு ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்டு, குடலின் நுனியை இடதுபக்க அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து பை மாட்டியிருக்கிறார்கள். எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. 'நோய் போய்விட்டது என்கிறார்கள். ஆனால் நானும் போய்விட்டேன் போலிருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்.

முன்பு அவர் வீட்டிலிருந்தே சீர்ப் பலகாரம் செய்து கொடுத்து வந்தவர். முகூர்த்த மாதங்களில் அதிரசமும் கைமுறுக்கும் கேட்டு மூன்று தெரு தள்ளியெல்லாம் வருவார்களாம். இப்போது அடுப்படிக்கே போவதில்லை. 'என் கை பட்டதை யார் சாப்பிடுவார்கள்?' மாமியார், 'நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். கோயிலுக்குப் போவதில்லை. நாள் முழுக்க நைட்டிதான், புடவை கட்டினால் பை கசிகிறது. நாற்றம் அடிக்குமோ என்ற பயத்தில் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார், தண்ணீரையும் குறைத்துவிட்டார். கக்கூஸ் வருவது போலத் தோன்றி அடிக்கடி போய் உட்கார்ந்து, ஒன்றுமில்லாமல் எழுந்து வருகிறார், 'பைத்தியம் பிடித்துவிட்டதா?' என்று கேட்கிறார். பை மாற்றுவது முழுக்க அவர் கணவர். 'அவர் மாற்றும்போது நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். எட்டு மாதத்தில் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ராத்திரி அவர் கை மேலே பட்டால், பை மாற்றத்தான் வருகிறார் என்று தோன்றுகிறது.'

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது மேடையில் அம்மா நிற்க வேண்டாம், நாங்கள் தம்பதியாக நின்று செய்கிறோம் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறார். சம்பந்தி வீட்டாருக்கு 'வயிற்றில் ஆபரேஷன்' என்பதற்கு மேல் தெரியாது. குடலை மறுபடி உள்ளே வைத்துத் தைத்துவிட முடியாதா, அதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பது கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரி,

22 வருடமாக இப்படி வயிற்றில் பை வைத்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கான பதில் தெரியாமல் மற்ற எதுவும் உங்கள் காதில் விழாது.

உங்களுக்கு நடந்த ஆபரேஷனில் இதை மூட முடியாது. தற்காலிகமாகப் பை வைத்து, சில மாதம் கழித்துக் குடலை உள்ளே சேர்த்துவிடும் ஆபரேஷனும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த யாருக்கோ அப்படிச் செய்ததைக் கேள்விப்பட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ஆசனவாய் இருக்கிறது. உங்களுக்கு அதையும் சேர்த்து எடுத்தால்தான் நோய் முழுசாகப் போகும் என்பதால் எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏபிஆர் (மலக்குடலோடு ஆசனவாயையும் எடுக்கும் ஆபரேஷன்) என்றோ, நிரந்தர கொலாஸ்டமி (குடல் நுனியை வயிற்றில் வெளியே வைப்பது) என்றோ எழுதியிருக்கும். அந்தக் காகிதம் கையில் இல்லையென்றால் மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் ஆவணத்தைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதியே சொல்கிறது. 'மூடித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பணமும் போகும், உடம்பும் போகும்.

இதைப் படித்துவிட்டு இன்று அழுதால் அழுங்கள். இந்த அழுகையை எட்டு மாதம் முன்பே உங்களோடு உட்கார்ந்து யாராவது அழவிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கக்கூஸ் உணர்வு. உங்களுக்குப் பைத்தியம் இல்லை. காலை எடுத்தவர்களுக்கு இல்லாத கால் அரிக்கும் என்று கேட்டிருப்பீர்கள். அதேபோல மலக்குடலை எடுத்தவர்களில் பலருக்கு, இல்லாத மலக்குடல் 'வருகிறது' என்று சொல்லும். அங்கே போய்க்கொண்டிருந்த நரம்புகள் மூளைக்கு இன்னும் பழைய செய்தியையே அனுப்புகின்றன. வந்தால் வழக்கம்போல இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வாருங்கள், அதுவே பலருக்கு அடங்கிவிடும். முக்க மட்டும் வேண்டாம். அந்த இடத்தில் புதிதாக வலியோ, நீரோ ரத்தமோ வந்தால் அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதை ஒரு தடவை பாருங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் நாற்றமோ கோயிலோ அல்ல. சுவர்ப் பக்கம் திரும்பும் அந்த முகம்தான்.

பழைய தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பை வைத்த ஒரு பெரியவரை வீட்டுக்கு அனுப்பும்போது பை மாற்றுவதை அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மா சீக்கிரம் பிடித்துக்கொண்டார், எனக்கும் வேலை முடிந்தது. ஒரு வருடம் கழித்து வந்தபோது அவர் மனைவி இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாதவராக இருந்தார். தன் வயிற்றைத் தொடவே தெரியாது. அவருக்குக் கற்றுத்தர வேண்டியதை நான் வேறொருவருக்குக் கற்றுத்தந்து அனுப்பியிருந்தேன். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. இதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

உங்கள் வயிற்றில் இருப்பது என்ன தெரியுமா? கண்ணாடி முன் நின்று கன்னத்தை உள்பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். அதே சிவப்பு, அதே ஈரம், அதே பளபளப்பு. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, வயிற்றிலிருந்து சற்றே எழும்பி நிற்கும். வலியை உணரும் நரம்பு அதில் இல்லை, தொட்டால் வலிக்காது. ஈரத்துணியால் துடைக்கும்போது துளி ரத்தம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், பல் தேய்க்கும்போது ஈறில் வருவது போலத்தான். புண் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆறாத புண் அல்ல, குடலின் உள்தோல். அதன் ஆரோக்கியமான நிறமே சிவப்புதான்.

நாளைக்கே பை மாற்ற வேண்டாம். முதல் தடவை கணவர் மாற்றும்போது முகத்தைத் திருப்பாமல் இருங்கள், போதும். அடுத்த தடவை துடைக்கிற துணியை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கடுத்த முறை பழைய பையை நீங்களே உரித்தெடுங்கள். மூன்று நாலு வாரத்தில் முழுசாக உங்கள் கைக்கு வந்துவிடும். காலையில் ஒன்றும் சாப்பிடுவதற்கு முன்பு செய்தால் குடல் அமைதியாக இருக்கும், நடுவில் வெளியே வந்து தொந்தரவு தராது. குளியலறையில் கண்ணாடியை வயிற்று மட்டத்துக்கு இறக்கி மாட்டச் சொல்லுங்கள்.

கசிவுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஆபரேஷன் ஆன முதல் ஆறு, எட்டு வாரத்தில் வீக்கம் வற்றிக் குடல் வாய் சிறுத்துவிடும். மருத்துவமனையில் முதல் நாள் வெட்டித் தந்த அளவிலேயே உங்கள் வீட்டுக்காரர் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால் ஓட்டை பெரிதாக இருக்கும், மலம் தோலில் படும், தோல் வெந்துபோகும், வெந்த தோலில் பை ஒட்டாது. மறுபடி அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வெட்ட வேண்டும். டெட்டால் போட்டுத் துடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இன்றோடு நிறுத்துங்கள். எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் நிறுத்துங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் பை ஒட்டவே ஒட்டாது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், பழைய வேட்டித் துணி, நன்றாக உலரவிடுவது, இவ்வளவுதான். காற்று போவதற்குப் பையில் ஊசியால் குத்த வேண்டாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும், கனம் ஏறினால் அதுவே இழுத்துக்கொண்டு பிரியும்.

தோல் இதற்கும் ஆறவில்லையென்றால் ஆபரேஷன் செய்த இடத்திலோ, புற்றுநோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையிலோ ஸ்டோமா நர்ஸ் (என்னைப் போல வயிற்றுப் பையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்) இருக்கிறாரா என்று கேளுங்கள். அங்கே உள்ள சமூகப் பணியாளரிடம் பைச் செலவுக்கு உதவி கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஆபரேஷன் காப்பீட்டில் முடிந்தாலும், பை வாங்கும் செலவு மாதாமாதம் குடும்பத்தின் தலையில் விழுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மிச்சம் பிடிக்கக் கழுவி மறுபடி ஒட்டுகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. உங்களைப் போல இடதுபக்கம் பை உள்ளவர்களில் சிலருக்கு, தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே செலுத்திக் குடலைக் கழுவிவிடக் கற்றுத்தருவோம். ஒரு மணி நேரம் பிடிக்கும். பழகிவிட்டால் அடுத்த தடவை வரைக்கும் பெரும்பாலும் எதுவும் வராது, சின்ன மூடி போட்டுக்கொண்டு வெளியே போய் வரலாம். கரண்ட் வைத்தவர்களில் சிலருக்கு இது ஒத்துவராது. உங்கள் சர்ஜன் சம்மதித்தால் மட்டும், நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லித்தர, செய்யலாம். தானாக முயற்சி செய்யாதீர்கள்.

ஒரு வேளைச் சோறு

சாப்பிடாவிட்டால் பை காலியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நடப்பது தலைகீழ். வெறும் குடலில்தான் காற்று அதிகமாகும், சத்தமும் அதிகம் வரும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். கரண்டும் ஆபரேஷனும் பார்த்த உடம்புக்கு மூன்று வேளைச் சாப்பாடு மருந்து போல. இட்லி, இடியாப்பம், சோறு, பருப்பு, மீன், எதுவும் விலக்கு இல்லை. மென்று, நிதானமாகச் சாப்பிடுங்கள். மொச்சை, முட்டைக்கோஸ், கருவாடு, முட்டை இவை காற்றையோ வாடையையோ கூட்டலாம். வெளியே போகிற நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் தள்ளிவையுங்கள். மதியம் ஒரு டம்ளர் மோர் நல்லது.

நாற்றத்தைப் பற்றி ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். இப்போதுள்ள பைகள் வாடை வெளியே வராத பொருளில் செய்யப்பட்டவை. சரியாக ஒட்டிய பையோடு நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வாடை வருகிறதென்றால் எங்கேயோ கசிகிறது, அல்லது கீழ் வாயைச் சரியாகத் துடைக்காமல் மூடியிருக்கிறது. உங்கள் மகளிடம் நேராகக் கேளுங்கள், 'பக்கத்தில் வந்தால் வாடை வருதா, பொய் சொல்லாமல் சொல்லு' என்று. அவள் பதிலை நம்புங்கள்.

அவர் கணவராக இருக்கட்டும்

எட்டு மாதமாக முகம் சுளிக்காமல் பை மாற்றும் மனிதர் கிடைத்தது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அதனால்தான் அவர் கை உங்களுக்கு நர்ஸ் கையாகத் தெரிகிறது. ஒரே ஆள் காலையில் மலம் துடைப்பவராகவும் இரவில் கணவராகவும் இருப்பது இரண்டு பேருக்குமே கஷ்டம். அவரும் உங்களைத் தொடத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது அருவருப்பு என்று முடிவு கட்டிவிட்டீர்கள். என்னிடம் வருகிற ஆண்கள் சொல்வது வேறு: 'எங்கே இடித்துவிடுமோ, அவளுக்கு வலிக்குமோ என்று பயம் சிஸ்டர்.' அவரிடம் கேட்காமல் அவர் மனதில் இருப்பதை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். பை உங்கள் கைக்கு வந்துவிட்டால், அவரிடம் மிச்சமிருப்பது கணவர் வேலை மட்டும்தான்.

கட்டிப்பிடித்தால் எதுவும் ஆகாது. பையைக் காலி செய்துவிட்டு, மேலே ஒரு பருத்தித் துணி உறையோ சட்டையோ போட்டுக்கொள்ளலாம். வேண்டாததை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வயிற்றில் உள்ள அந்தக் குடல் வாய்க்குள் எதையும் நுழைக்கக் கூடாது. தாம்பத்தியத்தில் வலி இருப்பதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது உங்கள் மனதில் மட்டும் இருப்பதல்ல. இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் வைத்தால் பிறப்புறுப்பு உலரும், சுருங்கும், உங்கள் வயதில் மாதவிடாயும் நின்றுபோகும். இதற்கு வழவழப்பான ஜெல், விரிவடையச் செய்யும் கருவி, சிலருக்கு மருந்து என்று வழிகள் உண்டு. மகப்பேறு டாக்டரிடம் 'கரண்ட் வைத்த பிறகு வலிக்கிறது' என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். கேட்காத டாக்டரிடம் நாமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, நம் ஊரில் இது இன்னும் அப்படித்தான்.

அடுப்படியும் கோயிலும்

எங்கள் படிப்பில் சிஸ்டர் கலிஸ்டா ராய் என்ற அமெரிக்க நர்ஸின் கோட்பாட்டைப் படிப்போம். அவர் கன்னியாஸ்திரியும்கூட. 1970இல் எழுதத் தொடங்கினார். நோயாளி புதிய நிலைமைக்குப் பழகுவதை நாலு பக்கமாகப் பார்க்கச் சொல்கிறார்: உடம்பு, தன்னைப் பற்றிய எண்ணம், வீட்டிலும் வெளியிலும் செய்யும் பொறுப்பு, உறவு. உங்கள் கடிதத்தை அப்படிப் பிரித்துப் பார்த்தால், ஆபரேஷன் கைவைத்தது முதலாவதில். மீதி மூன்றும் அதைப் பார்த்துத் தாமாகச் சரிந்திருக்கின்றன. உங்கள் மாமியார் அன்பால்தான் கரண்டியை வாங்கினார். ஆனால் எட்டு மாதமாக உட்காரவைக்கப்பட்டவர், நான் எதற்கும் ஆகாதவள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? தன்னம்பிக்கை வந்தபிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் பார்த்தவரை, வேலை செய்யச் செய்யத்தான் அது வருகிறது.

உங்கள் கை சுத்தமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் கக்கூஸ் போய்விட்டு சோப்புப் போட்டுக் கை கழுவிச் சமைக்கிறார்கள். நீங்கள் பை காலி செய்துவிட்டு அதே மாதிரி கழுவிவிட்டுச் சமைக்கப் போகிறீர்கள். இதில் என்ன வித்தியாசம்? மாமியாரிடம் சண்டை வேண்டாம். 'ராத்திரிச் சட்னி மட்டும் இனி என் வேலை அத்தை' என்று ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதம் இன்னொன்று.

பலகாரத்தில் ஒரே எச்சரிக்கை, கனம். வயிற்றுத் தசையில் ஓட்டை போட்டிருப்பதால் பாரம் தூக்கினால் அதன் பக்கத்தில் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் வரலாம். எண்ணெய்ச் சட்டி, தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. மாவு பிசைவதும் பாகு பதம் பார்ப்பதும் முறுக்குச் சுற்றுவதும் உங்கள் வேலை. தூக்குவதற்கு ஆள் வையுங்கள். இடுப்புக்கு ஆதரவு பெல்ட் பற்றி நர்ஸிடம் கேளுங்கள்.

கோயிலைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. சன்னதி வரிசையில் நிற்கிற அத்தனை பேர் வயிற்றிலும் மலம் இருக்கிறது. உங்களுடையது ஒரு ஜாண் முன்னால், மூடிய பைக்குள் இருக்கிறது. உள்ளே இருந்தால் தீட்டில்லை, வெளியே இருந்தால் தீட்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னிடம் வந்த ஓர் அம்மா வருடா வருடம் பழனிக்குப் போகிறார், ஒரு மாற்றுப் பையும் துணியும் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு.

இங்கே ஒரு பழைய கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இறந்தது உங்களுக்கு வந்த இதே மலக்குடல் புற்றுநோயில்தான். அந்தத் துக்கம்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அதே 1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற நர்ஸ், தன் தங்கை தோரா குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கசிவுக்குப் பயந்து வெளியே போகாமல் இருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். இன்று உங்கள் வயிற்றில் இருப்பது அந்த யோசனையின் பேத்தி. தங்கை வீட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது என்பதற்காகவே அது பிறந்தது.

தை மாதம்

நாத்தனார் கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, நீங்கள் சோர்ந்துவிடுவீர்கள் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் மேடையில் நிற்பதற்கு மருத்துவ ரீதியாக எந்தத் தடையும் இல்லை. நிற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள், உங்கள் கணவர், மகள், மூன்று பேர். முதலில் மகளிடம் பேசுங்கள். தாரை வார்க்கும் தண்ணீர் யார் கையிலிருந்து விழ வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருக்கும். அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் நாத்தனாரிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை, கணவரே சொல்லிவிடலாம்.

சம்பந்தி வீட்டு விஷயத்தை இரண்டாகப் பிரியுங்கள். பை உங்கள் உடம்பு விஷயம். அதை யாருக்கும் சொல்லக் கடமையில்லை. புற்றுநோய் வேறு. மறைத்தால் இப்போதைக்கு நிம்மதி, ஆனால் செக்கப்புக்குப் போய்வருகிற வீட்டில் அது என்றாவது தெரியவரும், அப்போது அடி வாங்குவது உங்கள் மகள். சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகலாம் என்ற பயம் நிஜமானது, அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். என் யோசனை, மகளே மாப்பிள்ளையிடம் சொல்லட்டும், பெரியவர்கள் வழியாகப் போக வேண்டாம். இது தொற்று நோய் அல்ல. 50 வயதுக்குள் உங்களுக்கு வந்திருப்பதால் குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பொதுவாக, பெற்றோருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே பிள்ளைகள் குடல் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது சுமார் 35 வயது. குடும்பத்தில் இன்னும் பலருக்கு இருந்தால் அதற்கு முன்பே சொல்வார்கள். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காக அவளிடம் மறைக்காதீர்கள்.

புடவைக்கு வருவோம். கசிவில் பாதிக்குக் காரணம் உள்பாவாடை நாடாதான் என்று நினைக்கிறேன். நாடா பையின் குறுக்கே இறுகினால் மலம் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கி, ஒட்டிய இடத்துக்குள் புகுந்துவிடும். நாடாவுக்குப் பதில் இரண்டு விரல் அகல எலாஸ்டிக் தைத்துக்கொள்ளுங்கள். நாடாதான் வேண்டுமென்றால் முடிச்சு வலதுபக்கம் வரட்டும். கொசுவத்தைப் பை மேல் செருகாமல் சற்று வலதுபுறம் தள்ளிச் செருகுங்கள். பட்டுப்புடவையோடு இப்போதே வாரம் ஒருநாள் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள், முகூர்த்தத்தன்றைக்குப் புதிதாக முயல வேண்டாம். மணையில் உட்காரும்போது அடியில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்று போதும். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை வேண்டாம், தைத்த இடத்தை அது இழுக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் புதுப் பை மாற்றுங்கள். மண்டபத்தில் மணப்பெண் அறைக் குளியலறையை உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

குடல் வாய் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காமல் வந்தால், குடல் திடீரென்று நீளமாக வெளியே வந்தால், வயிற்றுவலியும் வாந்தியுமாக ஒருநாள் முழுக்கப் பையில் எதுவும் விழாவிட்டால், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் 'சில நாள் விடியாமலே இருந்தால் தேவலை' என்று எழுதி, அதை அடித்திருக்கிறீர்கள். அடித்ததையும் நான் படித்தேன். அந்த எண்ணம் இப்போதும் வருகிறதென்றால் மேலே சொன்ன எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்: 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 எண்ணிலும் பேசலாம். உங்கள் கணவரிடமும் அந்த வரியை இன்றே சொல்லுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு இது பலருக்கு வருகிறது, மருந்திலும் பேச்சிலும் சரியாகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை பை மாற்றும் நாள் என்று எழுதியிருந்தீர்கள். அன்று சுவர்ப் பக்கம் திரும்பாமல் இருந்தீர்களா என்று மட்டும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.